காற்றாடி விலக்கில் டவர் கிடையாது

போன் அடித்ததில் தப்பில்லை. அடித்த இடம்தான் தப்பு.

காற்றாடி விலக்கில் டவர் கிடையாது. சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகிற எந்தப் பேருந்தில் வேண்டுமானாலும் ஏறிப் பாருங்கள். அதுவரை மருமகளைப் பற்றிப் போனில் பிரித்து மேய்ந்துகொண்டு வந்த பெண்கள் எல்லாம், காற்றாலைக்குச் சாலை பிரிகிற அந்த விலக்கு வந்ததும் இரண்டு தரம் 'ஹலோ, ஹலோ' என்று கத்திவிட்டு, மிச்சத்தைப் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில்தான், ஆனி மாதத்துச் சாயங்காலம் ஒன்றில், பீர் மைதீனின் சட்டைப்பையில் போன் அடித்தது.

எடுத்தான். காசிராஜனின் குரல்.

"வேண்டாம்லே. ஆள் போயாச்சு. திரும்பிரு."

அவ்வளவுதான். வைத்த பிறகுதான் திரையைப் பார்த்தான். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை.

பீர் மைதீன் அரபு நாட்டுத் தம்மாமில் பல வருஷம் வண்டி ஓட்டிவிட்டு ஊருக்கு வந்து, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பைக் சீட் கவர் கடை போட்டவன். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லை. அதனால் ரத்தம் கொண்டுபோய்க் கொடுக்கிற 'உயிர்த்துளி' குழுவில் அவன் சேர்ந்தபோது தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பிள்ளை இல்லாத துக்கத்தை இப்படி ஆற்றுகிறான் என்றது ஒரு கட்சி. வீட்டில் உம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் உட்காருவதைவிட வெயிலில் வண்டி ஓட்டுவது சுகம் என்றது இன்னொரு கட்சி. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

உயிர்த்துளியில் பாதிப்பேர் அட்மின், மீதிப்பேர் அட்மின் ஆகக் காத்திருப்பவர்கள். ஆரஞ்சு நிற ஜாக்கெட், முதுகில் வெள்ளிப் பட்டை. ஆஸ்பத்திரி வாசலில் பெட்டியோடு ஒரு போட்டோ. கேலி செய்யலாம்தான். ஆனால் நடுச்சாமத்தில் யார் வீட்டுப் பிரசவத்துக்கோ ரத்தம் வேண்டுமென்றால் எழுந்து வண்டியை மிதிக்கிறவன், கேலி செய்கிற நம்மில் ஒருவன் இல்லை. அவர்கள்தான்.

அவர்களுக்கென்று ஒரு முறை உண்டு. திருநெல்வேலி ரத்த வங்கியிலிருந்து ஒருவன் ஐஸ் பெட்டியைக் கொண்டுவருவான். ஊரிலிருந்து இன்னொருவன் அவனை எதிர்பார்த்துக் காற்றாடி விலக்கில் போய் நிற்பான். எஞ்சினை அணைப்பதில்லை, ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை. வாங்குகிறவன் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து, தர்கா கந்தூரியில் நேர்ச்சைச் சோறு வாங்குகிற மாதிரி மேலே பார்க்க நீட்டுவான். கொடுக்கிறவன் ரத்த வகையைச் சொல்லுவான், வாங்குகிறவன் திருப்பிச் சொல்லுவான். பேர் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது. "கை நீட்டுனவன்கிட்ட பேச்சு வச்சுக்கிடாத, குடுத்துட்டுப் போ" என்பது குழுவைத் தொடங்கிய காசிராஜனின் சட்டம். காசிராஜன் பேசாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். இன்னொரு சட்டமும் உண்டு. தன் சொந்தத்துக்குத் தானே தூக்கக் கூடாது. பதற்றத்தில் வண்டி எங்கேயாவது போய் மோதும்.

போன் அடித்த அந்த ஆனி சாயங்காலத்துக்கு முன்னால் வைகாசியில் ஒன்று நடந்திருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. தெருவுக்குத் தெரியாமல் அவன் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

அன்று குருவிகுளம் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு ரத்தம். வங்கியிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்து, விலக்கில் வண்டியை உறும விட்டபடி காத்திருந்தான். வாங்கிக்கொள்ள வரவேண்டிய காசிராஜன் வரவில்லை, மினி பஸ்தான் வந்தது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பாய், காசி அண்ணாச்சி சொல்லச் சொன்னாவ. அந்தத் தாத்தா போயிட்டாராம், ஒங்களத் திரும்பச் சொன்னாவ" என்று சொல்லிவிட்டுப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

வெளியே வந்த ரத்தத்தை வங்கி திரும்ப வாங்காது. ஆஸ்பத்திரியில் கொடுத்தால் அவர்களே அதற்குரிய முறையில் அழித்துவிடுவார்கள், அதுதான் சரி. ஆனால் முந்தின வாரம்தான் குழுவில் இருக்கிற செல்வக்குமார் அப்படி ஒரு பையைக் கொண்டுபோய், செத்தவரின் மக்கமார் அவன் ஜாக்கெட்டைக் கொத்தாகப் பிடித்து "இப்பத்தான் வாரியோ?" என்று கேட்டு, ஜிப் பிய்ந்து வந்திருந்தான். பீர் மைதீனுக்கு அந்த ஜிப் ஞாபகம் வந்தது. உம்மா ஆயிஷம்மாள் சொன்னதும் ஞாபகம் வந்தது. நகமோ, முடியோ, ரத்தமோ, மனுஷன் உடம்பிலிருந்து வந்ததைக் குப்பையில் போடக்கூடாது, மண்ணுக்குள் வைக்க வேண்டும்.

காற்றாலைக்குப் போகிற கப்பிச் சாலை ஓரத்தில் ஒரு இடம் தோதாக இருந்தது. ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காருகிற அளவுக்குச் சதுரமாக, புல் பூண்டு முளைக்காமல், மண் பொலபொலவென்று. வண்டியிலிருந்த திருப்புளியால் தோண்டினான். கடைக் கத்தரியால் பையின் மூலையை வெட்டி ஊற்றினான்.

கரிசல் மண் எதையும் அவசரப்பட்டுக் குடிக்காது. மேலே தேங்க விட்டு, யோசித்து, பிறகுதான் இழுக்கும். அன்று அது யோசிக்கவில்லை.

வெற்றுப் பையையும் உள்ளே போட்டு மூடினான். நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டான்.

ஆனி மாதம், போனை வைத்துவிட்டு அதே சதுரத்தின் முன்னால் மறுபடி குந்தியபோது, திருப்தி எல்லாம் இல்லை. இந்தத் தடவை ராயகிரிப் பெண் ஒருத்தி. சின்ன வயசு. மேற்கே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது, காற்றாடிகளின் இறக்கை நிழல்கள் காடு முழுவதும் நீளமாக விழுந்து, எழுந்து, விழுந்துகொண்டிருந்தன. ஒருதரம் செய்ததை இரண்டாம் தரம் செய்யக் கைக்கு யோசனை வேண்டியிருப்பதில்லை. தோண்டினான். பழைய பை வந்தது. உள்பக்கம் வெளிப்பக்கமாகப் புரண்டு கிடந்தது. ஒரு கறை கிடையாது. கழுவித் துடைத்துக் காயப்போட்ட பால் கவர் மாதிரி பளபளவென்று இருந்தது.

எலியாக இருக்கும் என்றான் தனக்குத்தானே. எந்த எலி பையைப் புரட்டிப் போடும் என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்ளவில்லை. ஊற்றினான். அப்போது மண்ணுக்குள் கை வைத்திருந்தான். அடியிலிருந்து ஏதோ வெதுவெதுப்பாக எழும்பி வந்து, கன்றுக்குட்டி விரலைச் சப்புவது போல, அவன் விரல் நுனிகளைத் தொட்டுவிட்டு இறங்கியது.

மறுநாள் டீக்கடையில் காசிராஜனைப் பிடித்தான்.

"அண்ணாச்சி, நேத்து எப்படி என்னையக் கூப்பிட்டிய? அங்கன டவரே கிடையாதுல்லா."

காசிராஜன் உளுந்த வடையைப் பிய்த்துக்கொண்டே, "நான் எங்கலே கூப்பிட்டேன்? நீதான கூப்பிட்ட" என்றார்.

"நானா?"

"ஆமா. 'ஆள் போயாச்சா'ன்னு கேட்ட. என்னடா இவன் இப்படிக் கேக்கான்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு. 'வாயக் கழுவு, அந்தப் பிள்ள நல்லாத்தான் இருக்கு'ன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன், வார்டு உள்ளருந்து அழுகைச் சத்தம் வருது. போன அப்படியே வச்சிட்டு ஓடுனேன்."

"திரும்பிருன்னு சொன்னியளே."

"நான் எங்க சொன்னேன்?"

இரண்டு பேரும் போனை எடுத்துப் பார்த்தார்கள். இவன் போனில் காசிராஜனிடமிருந்து வந்த அழைப்பு. அவர் போனில் பீர் மைதீனிடமிருந்து வந்த அழைப்பு. ஒரே நேரம். இரண்டு பேருக்கும் வந்திருந்தது. யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

"சிம்முல ஏதோ கோளாறு மக்கா" என்று காசிராஜன் அடுத்த வடைக்குக் கை நீட்டினார். அவருக்கு உலகத்தில் எல்லாமே சிம்மில் ஏதோ கோளாறுதான்.

பீர் மைதீன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். இரண்டு நாள் கழித்து, நல்ல வெளிச்சத்தில், அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனான். விலக்கில் இசக்கித்தாய் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஒரு போன் தொங்கும், அதில் எப்போதும் பாட்டு ஓடும். வருகிறவன் போகிறவனை எல்லாம் வம்புக்கு இழுக்காவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது. ஆடுகள் கப்பிச் சாலை ஓரமாகக் கூட்டமாக வந்தன. அந்தச் சதுரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் இரண்டாகப் பிரிந்தன. தாண்டியதும் சேர்ந்துகொண்டன. ஒரு குட்டிகூடக் கால் வைக்கவில்லை.

"ஏ ரத்தக்கார பாய்!" என்றாள். "அங்கன குந்திக்கிட்டு என்னத்தையோ ஊத்துனியளே, என்னது அது?"

"ஒண்ணுமில்லக்கா. கெட்டுப்போனது."

"கெட்டுப்போனதா, கெடுத்துவிட்டதா?" சிரித்தாள். ஆனால் பாட்டை நிறுத்தினாள். "அது பீடம் இருந்த எடம். காத்தாடிக்கு ரோடு போடையில பூசை எல்லாம் முறையா வச்சு, சாமிய அந்தக் கம்மாக்கரைக்குக் கொண்டுபோயாச்சு. கொடையும் குடுத்தாச்சு. சாமிக்கு ஒரு கொறையும் இல்ல."

"பெறகென்ன?"

"சாமி இத்தன காலமா அங்கன உக்காந்து எதக் காவல் காத்துக்கிட்டு இருந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கலல்லா."

பீர் மைதீன் ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தான்.

"குடுக்காம விட்டா அதுபாட்டுக்குக் கெடக்கும்" என்றாள் இசக்கித்தாய். "ஒரு நாயிக்கு ரெண்டு நாள் சோறு வச்சுப் பாருங்க. மூணாம் நாளு நீங்க வைக்காட்டி, அது ஒங்க வீட்டுக்கு வழி கண்டுபிடிச்சு வரும்." சொல்லிவிட்டுப் பாட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டு, ஆடுகளின் பின்னால் போனாள்.

அதற்குப் பிறகு அவன் அந்தச் சாலைப் பக்கம் போகவில்லை. பெட்டி தூக்க வேண்டி வந்தால் கழுகுமலை சுற்றி வந்தான். அரை மணி நேரம் அதிகம். "பாய்க்கு இசக்கித்தாயிட்ட பயம்" என்று குழுவில் எழுதினார்கள். சிரிக்கிற பொம்மைகள் போட்டார்கள். அவனும் ஒன்று போட்டான்.

வீட்டில் வேறொரு சந்தோஷம் இருந்தது. அவன் மனைவி ரூபியாவுக்கு ஆறாம் மாதம் முடிந்து ஏழு. இத்தனை வருஷம் கழித்து. தெரு முழுக்கத் துஆ செய்தது, தெரு முழுக்க மாதத்தையும் விரல் விட்டு எண்ணியது. ஆயிஷம்மாள் மருமகளைத் தரையில் கால் பதிக்க விடவில்லை. ரூபியா எதையும் கேட்டதில்லை. மாங்காய், சாம்பல் எதுவும் வேண்டாம். ஒன்றே ஒன்றுதான்.

அதை அவன் தற்செயலாகத்தான் பார்த்தான். சாயங்காலம் கடையிலிருந்து சீக்கிரம் வந்தவன், பின்கட்டில் அவள் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பதைக் கண்டான். மடியில் அவனுடைய ஷூ. வண்டி ஓட்டப் போட்டுக்கொள்கிற கனத்த ஷூ, அந்த ஆனி சாயங்காலம் போட்டிருந்தது. கொண்டை ஊசியால் அதன் அடிப்பள்ளங்களில் காய்ந்திருந்த கரிசலைச் சுரண்டி, உள்ளங்கையில் சேர்த்து, சர்க்கரை தின்பது போல நாக்கில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ரூபியா இது!"

திரும்பினாள். வெட்கப்பட்டுச் சிரித்தாள். பல் இடுக்கெல்லாம் கறுப்பு. "வாடை நல்லா இருக்கு மச்சான். மழ பேஞ்ச மாதிரி."

பிள்ளைத்தாய்ச்சி மண் தின்பது இந்த ஊரில் அதிசயமா? கோயில் புற்றுமண்ணை மதம் பார்க்காமல் வாங்கித் தின்கிற ஊர். டாக்டரும் ரத்தம் குறைவாக இருக்கிறது, மாத்திரை போடு என்றார். ஷூவைக் குப்பை லாரியில் போட்டான். பிறகு சில நாள் தூக்கத்தில் அவள் அவன் விரல்களை எடுத்து, நகக்கண்ணை முகர்ந்து பார்ப்பதை உணர்ந்தான். கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அவள் தூங்கிக்கொண்டுதான் இருப்பாள் என்று தோன்றியது. அதுதான் பயமாக இருந்தது.

ஆடித்தபசுத் திருவிழா அன்று அவன் சீட் கவருக்கு ரெக்சின் வாங்க வண்டியில் திருநெல்வேலிக்குப் போயிருந்தான். ஊரே வீதியில் நிற்கிற நாளில் கடை திறந்து என்ன பயன் என்று. ஜங்ஷனில் ரோலைத் தோளில் ஏற்றும்போது போன் வந்தது. நல்ல டவர். காசிராஜனின் சொந்தக் குரல், பின்னால் மேளம்.

"பீரு, பதறாத. ரூபியாவுக்கு உச்சிப் பொழுதுல திடீர்னு ரத்தம் போக ஆரம்பிச்சிட்டு. ஆஸ்பத்திரியிலதான் இருக்கா. நஞ்சுக்கொடி கீழ வந்துட்டாம். ரெண்டு யூனிட் பி நெகட்டிவ் கேக்காவ. வங்கியில சொல்லியாச்சு, எடுத்து வச்சிருப்பாவ."

"நானா அண்ணாச்சி? சொந்தக்காரன் தூக்கக்கூடாதுன்னு…"

"சட்டத்த இப்பப் பேசாதலே! நம்ம பயலுவ ஒருத்தன்கூட வெளிய வர முடியல. தடுப்பு போட்டு ஊர அடைச்சிட்டானுவ. நீதான் வெளிய இருக்க. நான் தடுப்புகிட்ட நிக்கேன், அங்கருந்து தூக்கிட்டு ஓடிருவேன். நீ கழுகுமலை சுத்தி வந்தன்னு வச்சுக்க, நான் ஒன்னிய உயிரோட விடமாட்டேன். டாக்டரம்மா சொன்னது… நேரா வா."

ரெக்சின் ரோல் தெருவில் கிடந்தது. யார் எடுத்தார்களோ.

பெட்டியை வாங்கிப் பின்சீட்டில் வாரால் இழுத்துக் கட்டினான். ஊர் எல்லை தாண்டும்வரை எதுவும் நினைக்கவில்லை. மானூர் தாண்டியதும் ஆடிக்காற்று பிடித்துக்கொண்டது. பக்கவாட்டில் வந்து வண்டியை நடுரோட்டுக்குத் தள்ளுவதும், விடுவதும், மறுபடி தள்ளுவதுமாக, ஹெல்மெட்டின் இடுக்கில் புகுந்து யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போல விசிலடித்தது. அந்தச் சத்தத்துக்கும் அடியில், சின்னச் சின்னக் குழிகளில் வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம், முதுகுக்குப் பின்னால் பெட்டிக்குள் இரண்டு பைகளும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து 'சளக்' என்பது கேட்டது.

தேவர்குளத்தில் நிறுத்தினான். போனை அணைத்தான். திரை கறுப்பாகும்வரை விரலை எடுக்கவில்லை. அணைத்த போனில் எவனும் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது. அணைத்த போனிலிருந்து எவனும் கேட்கவும் முடியாது. புத்திசாலித்தனமான வேலை என்று நினைத்தான். சட்டைப்பையில் வைத்துப் பொத்தானையும் போட்டான்.

பிறகு காற்றாடிகள் தெரிந்தன. முதலில் வானத்து ஓரத்தில் வெள்ளைக் குச்சிகளாக, பிறகு இரண்டு பக்கமும் நெருங்கி, உயர்ந்து, சாய்ந்த வெயிலில் ஒவ்வொன்றின் நிழலும் காட்டைத் தாண்டி, சாலையைத் தாண்டி, மறுபக்கத்துக் காட்டையும் தாண்டிக் கிடந்தது. இறக்கை நிழல்கள் தாரின் மேல் ஓடிவந்தன. ஒன்று வந்து அவன்மேல் ஏறும், கண் இருளும், கழுத்து குளிரும், இறங்கும். அடுத்தது ஏறும். உம்… உம்… என்று அந்தச் சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. ஓதத் தெரிந்ததை எல்லாம் ஓதினான். பாதியில் மறந்தது. மறுபடி முதலிலிருந்து.

நிற்கும். விலக்கில் அது கட்டாயம் நிற்கும். ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கொண்டு, ஹெல்மெட் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கும். முகம் பார்க்காமல் கொடுத்துத்தானே பழக்கம்.

கொடுக்கக் கூடாது.

ஒரு பையைக் கொடுத்துவிட்டு ஒன்றைக் கொண்டுபோனால்?

கூடாது.

ஒன்றை மட்டும். அவளுக்காக.

கை தானாக வேகத்தைக் குறைத்தது. விலக்கின் வளைவு. புளியமரம். மைல்கல். கப்பிச் சாலை.

யாரும் இல்லை.

பார்த்தான். இந்தப் பக்கம். அந்தப் பக்கம். இல்லை.

எல்லாக் காற்றாடியும் சுற்றின. விலக்கை ஒட்டியிருந்த ஒன்று மட்டும் நின்றிருந்தது. அதன் நிழல் அசையாமல் அந்தச் சதுரத்தின் மேல் கிடந்தது. சதுரத்தில் குழி. ஆள் இடுப்பளவுக் குழி. மண், குழியைச் சுற்றி வெளியே குவிந்து கிடந்தது, உள்ளிருந்து தள்ளியது போல. குழியின் விளிம்பு வரைக்கும் ஆடுகள். தலையைக் குனிந்து, பொறுக்கிப் பொறுக்கி, நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு குட்டி குழிக்குள்ளேயே இறங்கி நின்றது.

"பாய்!" இசக்கித்தாய் கம்பை ஆட்டினாள். முகம் மலர்ந்திருந்தது. "பாத்தியளா, ஆடு மேயுது! இனிமே ஒரு பயமும் இல்ல!"

"எப்பருந்துக்கா?"

"உச்சிப் பொழுதுலருந்து! திடீர்னு ஒவ்வொண்ணாப் போயி வாய வைக்கி! குழிய நாயி தோண்டியிருக்கும். அது எங்கயோ போயிட்டு, பாய்! போயே போயிட்டு!"

அல்ஹம்துலில்லாஹ் என்றான் சத்தமாக. சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி படிந்தது. வண்டியை முறுக்கினான். சங்கரன்கோவில் கோபுரம் தெரிகிறவரை அவன் மனசு பறந்தது. போன் அடிக்கவில்லை. யாரும் 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. போய்விட்டது. எங்கேயோ போய்விட்டது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு கை நீண்டது. ஒரு கணம் பிரேக்கில் கால் உறைந்தது. பிறகு அந்தக் கைகளுக்குப் பின்னால் காசிராஜனின் தொப்பையும், வியர்த்த முகமும், ஹெல்மெட் இல்லாத வழுக்கையும் தெரிந்தன. இவ்வளவு அழகான வழுக்கையை அவன் பார்த்ததே இல்லை.

"பி நெகட்டிவ்."

"பி நெகட்டிவ். வாலே, ஓடு!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார்கள். தலைக்கு மேல் பருத்தியும் சோளமும் வத்தலும் பறந்தன, சனங்கள் அம்பாளுக்குச் சூறை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி மாடிப்படியில் நர்ஸ் இசக்கிச்செல்வி பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது. வெளியே ஊர் ஆர்ப்பரித்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆயிஷம்மாளின் தஸ்பீஹ் மணிகள் ஒன்றோடு ஒன்று உரசுகிற சத்தம் மட்டும் அவனுக்குக் கேட்டது.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது.

"ரெண்டு பேரும் நல்லா இருக்காவ" என்றாள் இசக்கிச்செல்வி. "ரத்தம் ஏறுது. முகம் தெளிஞ்சிட்டு. பொம்பளப் பிள்ள. தாயிக்கு ரத்தம் வாரவரைக்கும் தாங்காதுன்னு, நீங்க வாரதுக்குக் கொஞ்சம் முன்னாடியே எடுத்துட்டாவ."

ஆயிஷம்மாள் அப்படியே தரையில் நெற்றி பதித்து ஸஜ்தாவில் விழுந்தாள். காசிராஜன் பீர் மைதீனை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முதுகில் அடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் அப்பமே நெனச்சேன்லே. நான் தடுப்புகிட்ட நிக்கையில நீ போனு போட்டுக் கேட்டியே, அந்நேரந்தான் உள்ள பிள்ள பொறந்திருக்கு."

"என்ன போன்?"

"விலக்குலருந்துதான். காத்தாடிச் சத்தம் கேட்டுச்சே. 'வந்தாச்சா'ன்னு கேட்ட. எத வந்தாச்சான்னு கேக்கான்னு நான் யோசிக்கதுக்குள்ள…"

பீர் மைதீன் சட்டைப்பையின் பொத்தானைக் கழற்றினான். போனை எடுத்தான். கறுப்பாக இருந்தது. அழுத்திப் பார்த்தான். அணைந்தே இருந்தது.

ரூபியாவுக்கு ரத்தம் போக ஆரம்பித்தது உச்சிப் பொழுது.

ஆடு மேய்ந்தது உச்சிப் பொழுதிலிருந்து.

"பாய்" என்று இசக்கிச்செல்வி மறுபடி வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்துவிட்ட அவன் மடியில் ஐஸ் பெட்டியை வைத்தாள். கனத்தது. "ஒரு பை போதும்னுட்டாவ டாக்டரம்மா. இது வேண்டாமாம்."

பெட்டிக்குள் 'சளக்'.

"இந்தாங்க, இன்குபேட்டர்ல வைக்கதுக்கு முன்ன பிள்ளையப் பாருங்க." இன்னொரு கையில் பச்சைத் துணிச் சுருள். "ஆமா, யாரு இது, அதுக்குள்ள பிள்ளைக்குப் புத்துமண்ணு பூசுனது? உள்ள ஒருத்தரும் வரலியே. மூணு தரம் தொடச்சிட்டேன், நகத்துலருந்து போவ மாட்டேங்கு."

குனிந்தாள். துணி விலகியது.

புற்றுமண் இல்லை. புற்றுமண் செம்பழுப்பு. கடுகு அளவு நகங்கள் பத்திலும் கரிசல். ஈரக் கரிசல். குளிரூட்டிய அந்த வராந்தாவில், டெட்டாலையும் பினாயிலையும் மீறி, முதல் மழை பெய்த காட்டின் வாடை அடித்தது.

பிள்ளை அழவில்லை. பிறந்த பிள்ளை கையைப் பொத்தித்தான் வைத்திருக்கும். இது பொத்தவில்லை. கண் மூடியிருந்தது. இரண்டு உள்ளங்கையும் விரிந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, மேலே பார்த்து, அசையாமல் நீண்டிருந்தன.

அவனை நோக்கி அல்ல.

அவன் மடியிலிருந்த பெட்டியை நோக்கி.